வாய் பேசட்டும், மனம் மௌனமாகட்டும்

ஹவுரா நகரில் சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தின் அருகே ஓர் ஏரி உள்ளது. குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் அங்கே ஆயிரக்கணக்கில் வந்து தங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சீழ்க்கைச் சிறகிகள் என்ற சிறிய வாத்துகள். கூட்டமாகப் பறக்கும்போது இவை சீழ்க்கை ஒலி எழுப்பிக்கொண்டே செல்கின்றன. ஒன்றின் இருப்பை மற்றொன்று அந்த ஒலியால் அறிகிறது.

பறவைகளுக்கு இயல்பாக அமைந்த இப்பண்பை மனிதன் பயிற்சியினால்தான் பெற வேண்டியுள்ளது. இளைஞர்களுக்கு அப்பயிற்சியைத் தரும் களங்களுள் ஒன்று கூடைப்பந்தாட்டம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இதை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித், இறையியல் பயின்றவர். அவர் வகுத்த 13 விதிகளுள் ஒன்று, பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடக் கூடாது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது. தரையில் தட்டியபடி பந்தைக் கொண்டுசெல்லும் முறை பின்னர் வந்தது. பிறருக்குத் தந்தால்தான் ஆட்டம் நகரும் என்பதே இதன் தொடக்கக் கருத்து.

இவ்வாட்டத்தில் ஒரு தர்மசங்கடம் அடிக்கடி எழுகிறது. பந்து வைத்திருக்கும் எதிரியைத் தடுத்து நிற்கிறான் ஒரு சிறுவன். எதிரணியின் மற்றொருவன் ஓசையின்றி வந்து அவன் முதுகுப்புறம் சுவர்போல் நிற்கிறான். சிறுவனின் கண்கள் முன்னே உள்ளன. பின்னால் நிற்பவனை அவன் காண இயலாது. ஆனால் அவனது தோழன் காண்கிறான். கண்டும் வாய் திறக்கவில்லை. சிறுவன் மோதி நிற்க, பந்து கூடைக்குள் விழுகிறது.

தவறு யாருடையது? பழி சிறுவனைச் சேர்கிறது, பொறுப்போ கண்டவனுடையது. காண இயலாதவனுக்குத் தன் கண்களை இரவல் தருவதே அங்கு பேச்சின் பயன். அதை அவன் தர மறுத்துவிட்டான்.

ஏன் மறுத்தான்? கூச்சமாக இருக்கலாம், தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சமாக இருக்கலாம், ‘இது என் வேலையன்று’ என்ற எண்ணமாகவும் இருக்கலாம். மூன்றின் நடுவிலும் ‘நான்’ அமர்ந்திருக்கிறது. பந்து விழுந்தபின் ‘ஏன் விட்டாய்?’ என்று சீறுவதும் அதே ‘நான்’தான். முன்னே சொல்லியிருந்தால் அது உதவி. பின்னே சொல்வது வெறும் குற்றச்சாட்டு.

அப்படியானால் சான்றோர் போற்றும் மௌனம் என்னாவது? கீதையின் 17-ஆம் அத்தியாயம் இதற்கு வழிகாட்டுகிறது. பிறரைக் கலக்காத, உண்மையான, இனிய, நன்மை தரும் சொல்லை அது வாக்கின் தவம் என்கிறது. மௌனத்தையோ அடுத்த சுலோகத்தில், மனத்தின் தவங்களுள் ஒன்றாக வைக்கிறது. அடங்க வேண்டியது உள்ளே ஓயாது எழும் ‘நான்’ என்னும் இரைச்சல். அது அடங்கியவன் தக்க நேரத்தில், தக்க சொல்லைத் தயக்கமின்றிச் சொல்வான்.

எனவே இளைஞரைப் பயிற்றுவிப்போர் பந்தை எறியக் கற்பிக்கும்போதே, கண்டதைச் சொல்லவும் தோழனின் எச்சரிக்கையைச் சினமின்றி ஏற்கவும் கற்பிக்க வேண்டும். இப்பழக்கம் ஆடுகளத்தோடு நின்றுவிடுவதில்லை. வழி தவறும் நண்பனிடமும், சோர்ந்திருக்கும் தாயிடமும் உரிய நேரத்தில் ஒரு சொல் சொல்லத் தெரிந்தவனாக அந்த இளைஞன் வளர்வான்.