காண்பதிலும் ஓர் அறம்

நம் குடும்பங்களில் பிறக்கும் குழந்தை, அறநூல்களைக் கையில் எடுக்கும் முன்பே சில ஒழுக்கங்களைக் கண்டு பழகிவிடுகிறது. நீரை வடிகட்டிய பின்னரே பருகுகிறோம். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கிறோம். கிழங்கு வகைகளை விலக்குகிறோம். ஏன் என்று கேட்கும் வயது வந்ததும், சிற்றுயிர்களுக்கும் துன்பம் நேரக் கூடாது என்பதற்காக என்று சொல்லிக் கொடுக்கிறோம். இவை யாவும் போற்றத்தக்கவையே. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை உண்பது பற்றிய கட்டுப்பாடுகள். காண்பது பற்றியும் கட்டுப்பாடு வேண்டுமா? அழகிய ஒன்றைக் கண்டு மகிழ்வதிலும் இம்சை கலந்திருக்க இயலுமா? எழுபது வயதைக் கடந்த பின்னரே இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்தது. எழுப்பியவன் என் பேரன்.

சென்ற ஆண்டு தை மாதத்தில், மேல்சித்தாமூரில் பகவானை வணங்கிவிட்டுக் குடும்பத்தோடு மரக்காணம் பக்கம் சென்றோம். அங்குள்ள கழுவெளி நம் ஊர்களுக்கு அயலிடம் அன்று. விழுப்புரம் மாவட்டத்தில் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் அந்த ஈரநிலம், எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியாக வங்கக் கடலோடு இணைகிறது. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இடம் அது. 2021 டிசம்பரில் தமிழக அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதன் பரப்பு 5,151 ஹெக்டேருக்கும் மேல். 2024 ஆகஸ்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் அது இடம் பெற்றது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் நாள்களில், வடநாடுகளின் கடுங்குளிரை விட்டுப் பறவைகள் இங்கு வந்து சேர்கின்றன. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நீரில் மிதக்கின்றன. கருவால் மூக்கன் நீண்ட அலகைச் சேற்றில் செலுத்தி இரை தேடுகிறது. கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு பறவை நீரின் ஓரத்தில் ஓடி ஓடிப் பொறுக்குகிறது. அதன் எடை இருபது முதல் நாற்பது கிராம்தான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடமோ வடதுருவத்தை ஒட்டிய சைபீரியப் பனிவெளி. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் உயிர், மலைகளையும் பாலைகளையும் கடந்து நம் ஊர்ச் சேற்றை நாடி வருகிறது என்று எண்ணும்போது மெய்சிலிர்க்கிறது.

நாங்கள் சென்ற காலையில் ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது. கழிமுகத்தின் ஓரத்தில் புதிதாய் வெளிப்பட்ட சேற்றுத்திட்டு முழுவதும் உள்ளான்கள் நிறைந்திருந்தன. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தான். புள்ளிபுள்ளியாகத்தான் தெரிந்தது. உடனே கரையிலிருந்து இறங்கிச் சில அடிகள் முன்னே ஓடி, பலமாகக் கைகளைத் தட்டினான். அத்தனை பறவைகளும் ஒருசேர எழுந்தன. ஒரு பக்கம் திரும்பியபோது பழுப்பாகவும், மறுபக்கம் திரும்பியபோது வெள்ளிபோலவும் வானில் மின்னின. எல்லாரும் மகிழ்ச்சியில் கூவினார்கள். நானும் கூவினேன். “இன்னொரு முறை தட்டு” என்று யாரோ சொன்னபோது நான் தடுக்கவில்லை.

அருகில் உப்பளத்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்த முதியவர் ஒருவர் நின்றார். கோபம் கொள்ளாமல், என்னைப் பார்த்துச் சொன்னார்: “அம்மா, இப்பத்தான் வந்து உக்காந்துச்சுங்க. தண்ணி வத்துற நேரந்தானே அதுங்களுக்குச் சாப்பாட்டு வேளை? பந்தியில உக்காந்தவங்கள எழுப்பி விடலாமாம்மா?”

எனக்கு முகம் சுருங்கியது. திரும்பும் வழியில் பேரன் கேட்டான்: “பாட்டி, நான் எதையும் அடிக்கலையே. ஒரு கல்கூடப் போடலையே. பறவை ஒண்ணும் சாகலையே. இது பாவமா?” ஆண்டுக்கணக்காகக் குழந்தைகளுக்கு அகிம்சையைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்த எனக்கு, அப்போது விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு பல நாள்கள் எண்ணிப் பார்த்து நான் கண்ட விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பறவைகளுக்கு நேர்ந்தது என்ன? நெடுந்தொலைவு பறக்கும் பறவைக்கு உடலில் சேரும் கொழுப்பே வழிநடைச் சோறு. புறப்படும் முன் தம் எடையை ஏறத்தாழ இருமடங்காக்கிக்கொள்ளும் இனங்களும் உண்டு. அந்தச் சேமிப்பைத் தருவது இந்தச் சேறு. நத்தை, புழு, சிறு இறால் போன்றவை அதனுள் வாழ்கின்றன. நீர் மூடியிருக்கும் வேளையில் குட்டைக்கால் பறவைகள் அவற்றை எட்ட இயலாது. நீர் வடிந்த சில மணி நேரமே அவற்றின் உணவு வேளை. அவ்வேளையில் அஞ்சி எழும் பறவை, உண்ணும் நேரத்தையும் இழக்கிறது. உண்டு சேர்த்த ஆற்றலையும் செலவழிக்கிறது. ஒருமுறை எழுந்ததால் அது இறந்துவிடாது. ஆனால் அன்று கரைக்கு வந்தவர்கள் நாங்கள் மட்டுமா? ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறை கைதட்டினால், அதன் பசிக்கு யார் பொறுப்பு?

அறம் இதற்கு என்ன சொல்கிறது? இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளதை நாம் அறிவோம். கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல் ஆகியவையே அவை. கொல்லாமல் இருந்தாலும் இவ்வைந்தால் விரதம் மாசுபடும். நம் முன்னோர் இவற்றை வீட்டில் வளர்க்கும் ஆடுமாடுகளைக் கொண்டே பெரும்பாலும் விளக்கினர். ஆனால் ஊண் தடுத்தல் என்னும் குற்றம் தொழுவத்தோடு முடிந்துவிடுமா? தொழுவத்து மாட்டின் வைக்கோலைப் பறிப்பதும், கழிமுகத்துப் பறவையை அதன் சேற்றிலிருந்து விரட்டுவதும் பசித்த உயிருக்கு ஒன்றேதான்.

மேலும், குணவிரதங்களுள் ஒன்று அனர்த்த தண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குவது அது. உழவன் உழும்போது சிற்றுயிர்கள் மாய்கின்றன. அவனுக்கு வேறு வழியில்லை. சமையலுக்கு நெருப்பு மூட்டாமல் இல்லறம் நடவாது. இத்தகைய தீங்கை முற்றும் தவிர்க்க இயலாமையாலேயே இல்லறத்தார்க்கு அணுவிரதம் வகுக்கப்பட்டது. ஆனால் பறவைகளை எழுப்பி விடாவிட்டால் நமக்கு என்ன குறைந்துவிடும்? அரை நிமிட மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றுமில்லை. எனவே இதைப் பெரும்பாவம் என்று சொல்லிக் குழந்தையை அச்சுறுத்த நான் விரும்பவில்லை. எளிதில் தவிர்க்கக்கூடிய தீங்கு என்பதாலேயே இதைத் தவிர்க்க வேண்டும் என்கிறேன்.

இனி, இதில் எனக்குள்ள பங்கு. தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்பட்டு மகிழ்தல் ஆகிய மூன்று வழிகளாலும் வினை வந்து சேரும் என்பது நம் கோட்பாடு. கைதட்டியவன் பேரன். அந்தக் காட்சியைக் கண்டு மகிழ்ந்து கூவியவள் நான். அவன் சிறுவன், அறியாமல் செய்தான். மூன்று வழிகளையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நான் மகிழ்ந்தேன். எங்கள் இருவருள் யாருடைய குற்றம் பெரிது?

நடுவில் உள்ள செய்வித்தலுக்கும் எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில், ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்பறை மேசைமீது இயற்கைப் பொருள்களைத் திரட்டி வைப்பது நல்லாசிரியரின் அடையாளம் என்று கற்றிருந்தேன். விடுமுறைக்குப் பின் ஒவ்வொருவரும் ஓர் அரிய பொருளைக் கொண்டுவர வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு சிறுவன் மூன்று முட்டைகளோடு ஒரு கூட்டைக் கொண்டுவந்தான். அவனுக்கே முதல் பரிசு கொடுத்தேன். அந்த முட்டைகளின் தாய் என் நினைவுக்கே வரவில்லை. பேரன் கேள்வி கேட்ட நாளின் இரவில், பிரதிக்கிரமணத்துக்கு அமர்ந்தபோதுதான் அந்தக் கூடு மீண்டும் என் கண்முன் வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நான் குற்றமாக எண்ணியதே இல்லை.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் ஒரு தடையை எழுப்பக்கூடும். எங்கள் வீட்டிலேயே அது எழுந்தது. “அந்தப் பறவைகள் புழுவையும் மீனையும் கொன்று தின்பவைதானே? அவற்றை விரட்டினால் அந்தப் புழுக்கள் பிழைத்தன அல்லவா?” என்று என் மருமகள் கேட்டாள். நகைப்பதற்குரிய கேள்வி அன்று. ஆனால் நாங்கள் கைதட்டியபோது எங்களில் எவருக்கும் புழுவின்மீது இரக்கம் இல்லை. வினை கருத்தைப் பற்றி வருவது. செய்த பின் தேடிக்கொண்ட காரணம் அதை மாற்றாது. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் பறவை மருத்துவமனை ஒன்று உண்டு. ஊன் உண்ணும் பறவைகளை அங்கே உள்ளே தங்க வைப்பதில்லை. ஆனால் அடிபட்டு வரும் பருந்துக்கு மருந்திட மறுப்பதும் இல்லை. அதன் உணவுக்கு நாம் துணை போக வேண்டியதில்லை. அதன் துன்பத்துக்குக் காரணமாகவும் வேண்டியதில்லை. அந்த உயிர் செய்வதற்குத் தீர்ப்புக் கூற நம்மை யாரும் அமர்த்தவில்லை. நம் கை செய்வதற்கே நாம் பொறுப்பு.

அப்படியானால் பறவைகளைக் காணப் போகாமலே இருந்துவிடலாமா? அதுவும் சரியன்று. அறியாத உயிரிடம் அருள் பிறப்பது அரிது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896-1987), சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் இருந்த மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்ததே தம்மைப் பறவைகளிடம் கொண்டுசேர்த்தது என்று 1985இல் வெளிவந்த தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அக்காலத்தில் பறவையை அறிய விரும்பியவர் துப்பாக்கியை எடுத்தார். இன்று தொலைநோக்கியை எடுக்கிறோம். கொன்று அறிந்த நிலையிலிருந்து கண்டு அறியும் நிலைக்கு உலகம் வந்துவிட்டது. அச்சுறுத்தாமல் காணும் நிலைக்கு வருவதே இனி எஞ்சியுள்ள படி.

அது இயலாத ஒன்று அன்று. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் சமணர் அல்லர். ஆனால் மகாவீரர் வீடுபேறடைந்த அந்த நாளை, உயிர்களுக்கு அபயம் அளித்துக் கொண்டாடுகிறவர்கள் அவர்களே என்று எனக்குத் தோன்றுகிறது. நம் தெருக்களில் அன்றிரவு கேட்கும் ஓசையை எண்ணி நாம் நாணவேண்டும்.

நம் முனிவர்களின் ஒழுக்கத்திலும் இதற்கு வழி இருக்கிறது. நான்கு முழத் தொலைவு நிலத்தைப் பார்த்து அவர்கள் அடியெடுத்து வைக்கிறார்கள். மழைக்காலத்தில் உயிர்கள் மலிந்திருக்கும் என்று நடையையே நிறுத்தி ஓரிடத்தில் தங்குகிறார்கள். அவர்கள் ஏந்தும் மயிற்பீலியும் மயில் தானாக உதிர்த்ததே. முனிவர்க்குரிய அந்த ஒழுக்கத்தின் ஒரு துளியையாவது நாம் கழிமுகக் கரைக்குக் கொண்டுசெல்லலாம். சரணாலயத்துக்கு எல்லையை அரசு வகுத்துள்ளது. நம் கால்களுக்கு எல்லையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். திக்விரதமும் தேசவிரதமும் கற்பிப்பது அதைத்தானே?

ஆகவே, குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். கரையிலேயே நில்லுங்கள், சேற்றில் இறங்க வேண்டாம். மெல்லப் பேசுங்கள். கிட்டத்தில் காணவேண்டுமானால் தொலைநோக்கியை எடுத்துச் செல்லுங்கள். கால்களை முன்னே செலுத்தாதீர்கள். இரை பொறுக்கும் பறவை தலையை நிமிர்த்தி உங்களையே பார்த்து நின்றால், நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள், இரண்டடி பின்வாங்குங்கள். பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதை வரவழைக்க வேண்டாம். கூட்டையும் முட்டையையும் தொட வேண்டாம். நல்ல படம் கிடைக்கவில்லை என்றால் கிடைக்காமலே போகட்டும்.

இவ்வாண்டு தை மாதத்தில் பேரனும் நானும் மீண்டும் அதே கரைக்குச் சென்றோம். ஓதம் இறங்கும் வேளைக்கு முன்பே போய், நான் ஒரு சிறு முக்காலியில் அமர்ந்தேன்; அவன் என் அருகில் நின்றான். ஒரு மணி நேரம் இருவரும் அதிகம் பேசவில்லை. உள்ளான்கள் முதலில் தொலைவில் மேய்ந்தன. பிறகு நீர் வடிய வடியச் சேற்றின் ஓரமாக நகர்ந்து, அவற்றுள் சில எங்களுக்குப் பத்தடி தொலைவு வரை தாமாகவே வந்தன. அவற்றின் கால்தடங்கள்கூடத் தெரிந்தன. சென்ற ஆண்டு கண்ட பளபளப்பு இல்லை. ஒரு பறவையும் எழவில்லை.

“பாட்டி, அது நம்மைக் கவனிக்கவே இல்லை” என்று பேரன் காதோடு சொன்னான். அவன் குரலில் குறை இல்லை, பெருமையே இருந்தது. சென்ற ஆண்டு அவன் கேட்ட கேள்விக்கு விடையை அவனே கண்டுகொண்டான் என்று எனக்குத் தோன்றியது.

நம்மைக் கண்டு ஓர் உயிரும் அஞ்சாதிருப்பதாக. அறம் வளர்க!