சிந்தாத துளியும் கொடையே

மண்ணூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் இளைஞர்கள், இரத்ததானம் என்றால் தயங்குவதில்லை. பங்கு மூதாட்டி ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை என்றதும் பத்துப் பேர் முன்வந்தனர். மருத்துவரோ, அம்மூதாட்டிக்கு இரத்தசோகை இருப்பதைக் கண்டு, இரும்புச்சத்து மருந்து தந்து, அறுவையை ஆறு வாரம் தள்ளிவைத்தார்.

"கொடுப்பதற்கு இத்தனை பேர் இருக்கிறோமே சாமி, ஏன் காக்கவைக்கிறார்கள்?" என்று மகன் மனம் நொந்து கேட்டார். அக்கேள்வி என்னையும் உறுத்தியது. அன்போடு தருவதை ஏற்காதிருப்பது அன்பையே மறுப்பதாகாதா?

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தசோகைக்காக இரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. இரத்தம் தந்த இளைஞர் தம் நோயை அறியாதவர். அறிந்ததும் தாமே முன்வந்து தெரிவித்தார். அம்மாதமே நஞ்சருந்தி இறந்தார். கொடுத்தவரின் மனம் தூயது. இரத்தவங்கிப் பரிசோதனையே தவறியது. ஏற்றப்படும் ஒவ்வொரு பையிலும் நன்மையோடு சிறு இடரும் உண்டு. ஆதலின், தவிர்க்கக்கூடியதைத் தவிர்ப்பதும் நோயாளிக்குச் செய்யும் அன்பே.

இரத்தம் ஏற்பதைச் சமய நம்பிக்கையால் மறுப்போர் யெகோவாவின் சாட்சிகள். அமெரிக்க மருத்துவர் டென்டன் கூலி அவர்களுக்கு இரத்தம் ஏற்றாமலே இதய அறுவைகள் செய்தார். அத்தகைய 542 அறுவைகளைப் பற்றி அவர் குழு 1977இல் எழுதியது. அவர்களது கொள்கை நமதன்று. எனினும் அத்தேவை கற்பித்த சிக்கனம் எல்லார்க்கும் பயன்பட்டது. இன்று சோகையை முன்னரே போக்குகின்றனர். அறுவையில் சிந்தும் இரத்தத்தைச் சேகரித்து, கழுவி, நோயாளிக்கே திருப்பித் தருகின்றனர். ஜப்பானிய மருத்துவர் உட்டாகோ ஒக்காமோட்டோ தம் கணவருடன் கண்டறிந்த டிரானெக்ஸாமிக் அமிலம் இரத்தப்போக்கைக் குறைக்கிறது. இவ்வழிகளைப் பேணுமாறு 2010இல் உலக சுகாதாரப் பேரவையும் நாடுகளை வலியுறுத்தியது.

இதன் பொருள், கொடுக்கத் தயங்கலாம் என்பதன்று. பேறுகாலத்தில் இரத்தம் பெருகும் தாய்க்கும், நம் சாலைகளில் அடிபட்டு விழும் தொழிலாளிக்கும் உடனே ஏற்றுவதே அறம். இங்கே சேமித்த பைதான் அங்கே உயிராகிறது.

ஐயாயிரம் பேருக்கு வயிறார உணவளித்த ஆண்டவர், எஞ்சிய துண்டுகளையும் வீணாகாது சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. தாராளமும் சிக்கனமும் அவரது கையில் பகைகொள்ளவில்லை.

மூதாட்டிக்கு அறுவை முடிந்தது. ஒரு பையும் தேவைப்படவில்லை. "அப்படியானால் நாங்கள் என்ன செய்வது, சாமி?" என்றார் மகன். "அம்மாவுக்கென்று வைத்திருந்ததை, பெயர் தெரியாத ஒருவருக்குக் கொடுங்கள்" என்றேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார். அடுத்த ஞாயிறு பூசைக்குப்பின், அந்தப் பத்துப் பேரையும் அழைத்துக்கொண்டு இரத்தவங்கிக்குப் புறப்பட்டார்.