எதிர்ச்சொல்லுக்கு இடம்

சமயத்தில் வாதம் கூடாது என்பார் உளர். நம்பிக்கை நெஞ்சத்தைச் சார்ந்தது. வாதமோ நாவைச் சார்ந்தது. நா முந்திய இடத்தில் நெஞ்சம் பின்தங்கிவிடும் என்பது அவர்தம் கூற்று. கிறித்துவ மறைநூலிலிருந்தே இதற்குச் சான்று காட்டுதலும் எளிது. பவுலின் பெயரால் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதப்பெற்ற கடிதங்கள், வெறுஞ்சொல் பற்றிய சண்டையையும் அறிவுக்கு ஒவ்வாத தர்க்கங்களையும் விட்டு விலகுமாறு ஒருமுறைக்கு மேல் எச்சரிக்கின்றன.

ஆயினும், அதே மறைநூலைத் தொடக்கம் முதல் புரட்டிப் பார்ப்பவர்க்கு வியப்பே மிஞ்சும். அதில் வாதிடாத பெரியோர் மிகச் சிலரே. சோதோம் நகர் அழியப் போவதை அறிந்த ஆபிரகாம், ஐம்பது நல்லவர் இருந்தால் அந்நகரை விட்டுவிடலாகாதா என்று தொடங்கி, பத்துப் பேர் வரையில் இறைவனிடம் பேரம் பேசுகிறார். எரேமியா இறைவனோடு வழக்காடுகிறார். தன் மகளின் பிணி தீர்க்க வேண்டி வந்த புறவினப் பெண் ஒருத்தி, பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடுதல் தகாது என்ற இயேசுவின் மொழியையே திருப்பிப் பிடித்து, மேசையின்கீழ்ச் சிந்தும் துணுக்குகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்கிறாள். பரிசேயரும் சதுசேயரும் இயேசுவிடம் வாதிட்டு வாயடைத்துப் போயினர். அவரிடம் வாதில் வென்றவள் இவள் ஒருத்தியே எனலாம். அவள் சொன்ன அச்சொல்லின் பொருட்டே மகள் நலம் பெற்றதாக மாற்கு எழுதுகிறார்.

அவ்வாறாயின், விலக்கப்பட்ட வாதம் எது? ஏற்கப்பட்ட வாதம் எது? பணிவான குரல், கடுமையான குரல் என்னும் வேறுபாடு இதற்கு விடையாகாது. ஏனெனில், மறைநூலில் யோபுவின் குரலைவிடக் கடுமையான குரல் அரிது.

செல்வத்தையும் மக்களையும் ஒருங்கே இழந்து, உடலெங்கும் கொப்புளங்களோடு சாம்பலில் அமர்ந்து, ஓட்டுத் துண்டால் தன்னைச் சுரண்டிக்கொண்டிருந்த யோபுவைக் காண எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவர் வந்தனர். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். வாய் திறந்த பின்னரே கெட்டனர்.

அவர்களுடைய வாதம் குறையற்றதுபோல் தோன்றும். இறைவன் நீதியுள்ளவர், நீதியுள்ளவர் குற்றமற்றவரைத் தண்டியார், யோபு தண்டிக்கப்பட்டிருக்கிறார், ஆதலின் அவர் குற்றம் செய்தவர். இதில் குற்றம் எங்கே என்று கேட்டால் அவர்களால் காட்ட இயலவில்லை. எலிப்பாஸ் முதலில் கனிவாகவே தொடங்குகிறார். மூன்றாம் சுற்றுக்கு வரும்போதோ, யோபு ஏழையின் ஆடையைப் பறித்தார், களைத்தவனுக்குத் தண்ணீர் தர மறுத்தார், கைம்பெண்களை வெறுங்கையராய் அனுப்பினார் என்று பட்டியலிடுகிறார். இவற்றுள் ஒன்றுக்கும் சான்றில்லை. யோபு மாசற்றவர் என்பது நூலின் தொடக்கத்திலேயே படிப்போர்க்குச் சொல்லப்பட்டுவிட்டது. கொள்கையைக் காப்பதற்குக் குற்றம் ஒன்று தேவைப்பட்டது. ஆகவே குற்றம் புனையப்பட்டது. எதிரே அமர்ந்து புண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த மனிதர் அவர்கள் கண்ணுக்கு மறைந்து போனார். இறைவனுக்காகப் பொய் பேசப் போகிறீர்களா என்று யோபு அவர்களைக் கேட்பது இதனால்தான்.

நூலின் இறுதிப் பகுதி பலரைத் திகைக்க வைப்பது. புயலிலிருந்து பேசும் இறைவன், யோபுவின் வினாவுக்கு நேர்விடை தரவில்லை. உலகைப் படைத்த நாளில் நீ எங்கே இருந்தாய் என்று திருப்பிக் கேட்கிறார். யோபுவும் அடங்குகிறார். ஆனால் அதன்பின் இறைவன் எலிப்பாஸின் பக்கம் திரும்பி, யோபுவைப் போல நீங்கள் என்னைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று சினந்து கூறுகிறார். இறைவனுக்காக வாதிட்டவர்கள் கண்டனம் பெற்றனர். இறைவனை எதிர்த்து வழக்காடியவர் உண்மை பேசியவர் ஆனார். அம்மூவரும் பலி செலுத்த, அவர்களுக்காக யோபு மன்றாட வேண்டும் என்பதும் அங்கே விதிக்கப்படுகிறது. சமயத்திற்குக் காவலராய்த் தம்மை எண்ணிக்கொள்வோர் அடிக்கடி படிக்க வேண்டிய பகுதி அது.

புதிய ஏற்பாட்டிலும் இத்தகைய பூசல் ஒன்று உண்டு. அந்தியோகியா நகரில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபைச் சார்ந்தவர் சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். எல்லார் முன்னிலையிலும் பவுல் அவரைக் கடிந்துகொண்டார். கலாத்தியர்க்கு எழுதிய கடிதத்தில் பவுலே இதைச் சொல்கிறார். திருத்தூதருள் தலையாயவரைப் பின்வந்தவர் ஒருவர் பலரறியக் கண்டித்த செய்தியை மறைத்துவிட யாரும் முயலவில்லை. ஆனால் அதற்கு விளக்கம் சொல்ல முயன்றவர் உண்டு.

அவர்களுள் ஒருவர் பெத்லகேமில் வாழ்ந்த பேரறிஞர் எரோணிமுஸ். பேதுருவும் பவுலும் மெய்யாகவே முரண்படவில்லை. பிறர்க்குப் பாடம் புகட்டவே அவ்வாறு நடந்துகொண்டனர் என்பது அவர் உரை. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயரான அகுஸ்தீன் இதனை ஏற்கவில்லை. மறைநூலில் நடிப்பொன்றை ஒப்புக்கொண்டால், பின்னர் எந்த வரியைத்தான் நம்புவது என்று அவர் மடல் எழுதினார். அம்மடலோ வழிதவறியது. எரோணிமுஸ் கைக்குச் சேருமுன் ரோமாபுரியில் பலர் அதைப் படித்துவிட்டனர். இளையவர் ஒருவர் தம்மைத் தாக்கிப் புகழ் தேடுகிறார் என்று முதியவர் வெகுண்டார். ஆண்டுகள் பல இந்த மடற்போர் நீண்டது. அகுஸ்தீன் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை, பணிவையும் விட்டுவிடவில்லை. கண்டிக்கத் துணிந்த பவுலைவிட, தமக்குப் பின்வந்தவரின் கண்டனத்தை ஏற்றுக்கொண்ட பேதுருவே அரிய எடுத்துக்காட்டு என்று அவர் எழுதினார். பதவியால் தாம் உயர்ந்தவராயினும் பலவற்றில் எரோணிமுஸுக்குக் கீழ்ப்பட்டவரே என்றும் அம்மடலில் கூறினார். வாதில் தோற்பவனுக்கும் ஒரு பெருமை உண்டு என்பதை வென்றவன் வாயிலிருந்து கேட்பது எளிதன்று. பட்டிமன்ற மேடைகளில் அது கேட்பதேயில்லை.

எதிர்ச்சொல்லை முதலில் கேட்டல் என்னும் இப்பழக்கம், இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் கல்வி முறையாகவே ஆயிற்று. தொமினிக்கன் சபைத் துறவியான தாமஸ் அக்குவினாஸ் 1265-ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கி, 1274-இல் தாம் இறக்கும்வரை முடிக்காமல் விட்ட இறையியல் பெருநூலில், ஒவ்வொரு வினாவும் மறுப்பாளர் கூற்றோடுதான் தொடங்கும். இறைவன் உண்டா என்னும் வினாவுக்கே, இல்லை என்பதற்கான காரணங்கள் முதலில் வருகின்றன: உலகில் தீமை இருக்கிறது, இயற்கையைக் கொண்டே அனைத்தையும் விளக்கிவிடலாம். இன்றைய மறுப்பாளரும் இவற்றைவிட வலிய காரணம் சொல்வது அரிது. தமிழ் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. அதே நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையைப் பரபக்கத்தில் வைத்த பின்னரே தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவினார்.

ஆனால் ஏட்டில் பேசும் எதிராளி வேறு. எதிரே உட்கார்ந்து பேசும் எதிராளி வேறு. அக்குவினாஸ் அந்நூலைத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், 1263-ஆம் ஆண்டு ஜூலையில், பார்சலோனா நகரில் ஆரகான் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் ஒரு வாதம் நடந்தது. கிறித்துவர் பக்கம் பேசியவர் பாப்லோ கிறிஸ்தியானி. யூத சமயத்திலிருந்து மாறி, அக்குவினாஸ் சேர்ந்திருந்த அதே தொமினிக்கன் சபையில் துறவியானவர். யூதர் பக்கம் பேச அழைக்கப்பட்டவர் ஜெரோனா நகரின் ராபி மோசே பென் நாமான். தம் விருப்பம் போல் பேச உரிமை வேண்டும் என்று அவர் கேட்டார், மன்னர் தந்தார். மெசியா வந்துவிட்டாரா என்பது வினா. அவர் வரும் காலத்தில் போர்க்கலையையே மாந்தர் கற்கமாட்டார்கள் என்று இறைவாக்கினர் கூறியிருக்க, இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் வன்முறையால் நிறைந்திருக்கிறதே என்றார் மோசே பென் நாமான். போர்க்கலையைக் கைவிட வேண்டுமென்றால் மன்னருக்கும் அவர்தம் வீரருக்கும் எவ்வளவு கடினமாயிருக்கும் என்று மன்னரை நோக்கியே கூறினார். வாதம் முடிந்தபின் மன்னர் முந்நூறு பொற்காசுகள் தந்து அனுப்பியதாக அவரே எழுதியுள்ளார்.

அவர் பேசியதற்குத் தண்டனை இல்லை. பேசியதை எழுதி வைத்ததற்குத்தான் வழக்கு வந்தது. தம் சமயத்தை அவர் பழித்து எழுதியதாகத் தொமினிக்கன் துறவியர் முறையிட்டனர். பேச உரிமை தந்த மன்னரால் இறுதிவரை அவரைக் காக்க இயலவில்லை. எழுபது வயதைக் கடந்த நிலையில் அவர் பிறந்த நாட்டை நீங்கி, 1267-இல் எருசலேம் சென்று சேர்ந்தார்.

அந்த வாதத்தைப் பற்றிய குறிப்புகள் இரண்டு இன்று கிடைக்கின்றன. ஒன்று ராபி எபிரேயத்தில் எழுதியது. மற்றொன்று கிறித்துவர் தரப்பில் இலத்தீனில் எழுதப்பட்டது. ராபி விடைகூற இயலாமல் திணறினார் என்று இலத்தீன் குறிப்புச் சொல்கிறது. எபிரேயக் குறிப்பில் அவர் விடைகள் வரிசையாக உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவன், வென்றவர் யார் என்று கேட்பதற்கு முன், வென்றதாகச் சொல்லிக்கொண்டவர்கள் தோற்றவரின் ஏட்டைக் கண்டு ஏன் அஞ்சினார்கள் என்று கேட்கத் தொடங்குவான்.