ஈம் கிராமத்தின் எல்லைக்கல்

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் உள்ள சிறு பங்குக் கிராமம் ஈம். 1665இல் லண்டனிலிருந்து வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோய் இங்கே நுழைந்தது என்பர். மறு ஆண்டு குருவானவர் வில்லியம் மொம்பெசனும், அவருக்கு முன்பு அங்கே ஊழியம் செய்து பதவியிழந்த தாமஸ் ஸ்டான்லியும், நோய் வெளியே பரவாதிருக்க எல்லை தாண்டுவதில்லை என ஊராரை இணங்க வைத்தனர். புனித லாரன்ஸ் ஆலயம் மூடப்பட்டது. கக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கில் வெட்டவெளியில் ஆராதனை நடந்தது. எல்லைக்கல்லின் குழிகளில் காடி ஊற்றி, அதில் காசைப் போட்டு வெளியூரார் தந்த உணவைப் பெற்றனர். சுமார் 260 பேர் மாண்டனர். எலிசபெத் ஹான்காக் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார்.

பிறரிடம் இத்தகைய தியாகத்தைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? மொம்பெசன் தம் பிள்ளைகளை முன்பே யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார், ஏழைகளுக்கோ போக்கிடமில்லை. ஆனாலும் அவரும் மனைவி கேத்தரினும் ஊரிலேயே தங்கினர். கேத்தரின் 1666 ஆகஸ்டில் இறந்தார். அதனால்தான் மொம்பெசன் கேட்டது வெறும் கட்டளையாகிவிடவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று ஈமில் நினைவு ஆராதனை நடக்கிறது.