எது பழைய இஞ்சின்?

உபயோகம் தீர்ந்துபோன ஒரு பொருளுக்கு மனிதன் ஏதாவது கடன்பட்டிருக்கிறானா? பட்டிருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? துடைத்துப் பளபளப்பாக்கிக் காட்சிசாலையில் நிறுத்தியா, அல்லது மேலும் மேலும் தேயவிட்டு வேலை வாங்கியா?

வேல்ஸ் நாட்டில் ஒரு சின்ன ரயில் பாதையின் கதை இந்தக் கேள்வியை என் மனத்தில் எழுப்புகிறது. டாலிலின் ரயில்வே என்று அதற்குப் பெயர். மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லைக் கடலோரத்து டவின் ஊருக்கு இறக்குவதற்காக 1860களில் போட்ட பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இடைவெளி இரண்டேகால் அடிதான். 1946ஆம் ஆண்டுக் கடைசியில் கற்சுரங்கம் சரிந்து மூடப்பட்டது. ஏற்றுவதற்குக் கல் இல்லை. ஆனாலும் அதன் உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தாம் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று வாக்குக் கொடுத்திருந்தார், அப்படியே ஓட்டினார். 1950 ஜூலையில் அவர் காலமானார். இனி வரவேண்டியவர் பழைய இரும்பு வியாபாரிதான் என்றே யாரும் நினைத்திருப்பார்கள்.

அவருக்கு முன்னால் டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் வந்தார்கள். அந்த அக்டோபரில் பர்மிங்காமில் கூட்டம் கூடிச் சங்கம் கண்டார்கள். 1951 மே 14ஆம் தேதி, சங்கத்தின் பொறுப்பில் முதல் வண்டி புறப்பட்டது. தொண்டர்கள் ஒரு ரயில்வேயை ஏற்று நடத்தியது உலகத்தில் அதுவே முதல் தடவை. ஓடக்கூடிய நிலையில் இருந்தது டோல்கோக் என்ற ஒரே ஒரு இஞ்சின். அதற்கு அப்போது எண்பத்தைந்து வயது. பக்கத்தில் மூடிக்கிடந்த வேறொரு ரயில்வேயின் இரண்டு இஞ்சின்களை, ஒன்றுக்கு 25 பவுண்டு விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தார்கள். குழந்தைகளுக்குப் புகைவண்டிக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற ஆட்ரி என்ற பாதிரியார், 1952ல் அங்கே போய்க் கார்டு வேலை பார்த்தார். இன்று பிரிட்டனில் இத்தகைய பாதைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

தொண்டு என்றால் பச்சைக்கொடி காட்டுவது மட்டும் அன்று. வண்டி காலையில் புறப்பட வேண்டுமானால், அதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். முந்திய நாள் சாம்பலை வார வேண்டும். குழாய்களில் படிந்த கரியைக் குத்தி எடுக்க வேண்டும். மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட வேண்டும். பாய்லரின் வயிற்றில் படியும் உப்பை அவ்வப்போது கழுவி வெளியேற்ற வேண்டும். பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பாய்லரைக் கழற்றி இறக்கி, உள்ளும் புறமும் சோதித்து, பழுதானதை மாற்றிய பிறகே மீண்டும் ஓட்ட அனுமதி கிடைக்கும்.

இங்கேதான் ஒரு தர்க்கவாதி குறுக்கிடுகிறார். "குழாய்கள் புதிது. நெருப்புப் பெட்டி புதிது. சக்கரத்தின் இரும்புப் பட்டையும் புதிது. நாளைக்குப் பாய்லரையே மாற்றுவீர்கள். பிறகு எதைக் காட்டிப் பழைய இஞ்சின் என்கிறீர்கள்?"

நம் ஊர்த் தேரைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. அச்சு முறிந்தால் புது அச்சு. சட்டம் உளுத்தால் புதுச் சட்டம். வடம் நைந்தால் புது வடம். ஆனாலும் பாட்டனார் இழுத்த அதே தேரைத்தான் பேரனும் இழுக்கிறான். தேர் ஓடுவதற்கு உண்டானது, ஓடினால் தேயும், தேய்ந்ததை மாற்றினால்தான் மறுபடி ஓடும். ஒரு மரமும் மாற்றாமல் காப்பாற்றிய தேர் கொட்டகைக்குள் நிற்கும் தேர்தான். இஞ்சினுக்கும் இதே நியாயம்.

ஆனால் இந்த நியாயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: மாற்றியதை மாற்றியது என்று சொல்லும் உண்மை. பிரிட்டனில் 1948, 1949 ஆண்டுகளில் ஏ-1 என்ற ஒரே இனத்தில் நாற்பத்தொன்பது பெரிய இஞ்சின்கள் செய்தார்கள். 1966க்குள் அவ்வளவும் உடைபட்டுப் போயின. 1990ல் சிலர் முனைந்து, மக்களிடம் பணம் திரட்டி, அந்த இனத்தில் ஒன்றைப் புதிதாகவே செய்யத் தொடங்கினார்கள். 2008ல் அது ஓடிற்று. டொர்னாடோ என்று பெயர். அழிந்துபோன ஏதாவது ஒன்றின் எண்ணை அதற்கு எழுதிக் கண்காட்சி நடத்தியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கடைசியாகச் செய்த இஞ்சினின் எண் 60162. இதற்கு 60163 என்று எழுதினார்கள். பழையது என்று பொய் சொல்லாமல், பழையதன் தொடர்ச்சி என்று மெய் சொன்ன எண் அது. அந்த ஓர் இலக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

தர்க்கவாதிக்குப் பதில் சொல்லிவிடலாம். இன்னொருவருக்குப் பதில் சொல்வது கடினம். அவர் அந்தக் காலத்துத் தொழிலாளி. சிலேட்டுத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு கெட்டவர். குளிரில் இரவெல்லாம் இஞ்சின் துடைத்தவர். "எனக்கு வயிற்றுப்பாடாக இருந்தது உனக்கு விடுமுறை விளையாட்டா? கை வலித்தால் நீ வீட்டுக்குப் போய்விடுவாய். நான் போயிருக்க முடியுமா?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

அவர் கேட்பது நியாயம். ஆகவே மினுக்கிய பித்தளையோடு அந்த வலியையும் சொல்லாத தொண்டு பாதித் தொண்டுதான். ஆனால் இன்னொன்றும் உண்டு. சாம்பல் வாரும் மண்வெட்டியைக் கையில் பிடித்துப் பார்த்தவனுக்கு, அந்த மனிதர் என்ன பாடுபட்டார் என்பது கொஞ்சமாவது தெரியும். காட்சிசாலைக் கயிற்றுக்கு வெளியே நிற்பவனுக்கு அது தெரிய வழியில்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே எப்போது கரி போடலாம் என்று அறிவது, சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டே ஆணி தளர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பது, இவையெல்லாம் ஒரு கிழவர் பக்கத்தில் ஓர் இளைஞன் நின்றால்தான் கைமாறும். நடுவே ஒரு தலைமுறை நிற்காமல் போனால், பிறகு பணம் கொடுத்தாலும் அந்தக் கை கிடைக்காது.

கரிப் புகை உலகத்துக்குக் கெடுதல் என்ற ஆட்சேபமும் உண்டு, அதுவும் உண்மைதான். வேல்ஸில் இந்த இஞ்சின்களுக்குக் கரி கொடுத்துவந்த ஃபோஸ்-இ-ஃபிரான் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. வருங்காலத்தில் எரிபொருளையும் மாற்ற வேண்டி வரலாம். குழாயை மாற்றியவர்கள் அதையும் மாற்றுவார்கள் என்றே நம்புகிறேன். மாற்றட்டும்; மாற்றிவிட்டு, மாற்றினோம் என்று சொல்லட்டும். பயணிகளுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். இஞ்சின் டவினிலிருந்து மலையேறித் திரும்பி வந்தால் போதும்.