தெரியாமல் செய்த பாவம்

தெரியாமல் செய்தால் பாவம் உண்டா? சமண ஆகமங்களில் ஒன்றான சூத்ரகிருதாங்கத்தில் இந்தக் கேள்வி ஒரு வாதமாகவே நடக்கிறது. ஆர்த்ரகர் என்ற சமணத் துறவியிடம் பௌத்தர் ஒருவர் தம் கட்சியைச் சொல்கிறார்: புண்ணாக்குக் கட்டியை மனிதன் என்று நினைத்து ஒருவன் ஈட்டியால் குத்தினால் அவனுக்குக் கொலைப்பாவம் உண்டு. மனிதனையே புண்ணாக்கு என்று நினைத்துக் குத்தினால் இல்லை. எண்ணம்தான் வினை. ஆர்த்ரகர் இதை ஏற்கவில்லை. மனிதனைப் பார்த்து புண்ணாக்கு என்று எவனாவது மயங்குவானா, அப்படிச் சொல்வதே பொய் அல்லவா என்று மடக்குகிறார்.

நான் மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்த தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். மாட்டுத் தீவன ஆய்வுக்கூடத்தில் வேலை. புண்ணாக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான் என் தொழில் என்பதால் ஆர்த்ரகரின் வாதம் எனக்கு ஏட்டோடு நிற்பதில்லை.

தீவனத்தில் புரதம் எவ்வளவு என்று அறிய உலகமெங்கும் கையாளும் முறை 1883இல் டென்மார்க்கில் ஜோஹான் கெல்டால் கண்டது. அது புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, புரதத்தில் அது சுமார் 16 சதவீதம் என்ற கணக்கில் 6.25ஆல் பெருக்குகிறோம். மலைமேல் புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று கொள்ளும் அனுமானம் போன்றது இது. மூடுபனியைப் புகை என்று கொண்டால் அனுமானம் கவிழும் என்று நம் தருக்க நூலார் எச்சரித்ததும் இதற்குப் பொருந்தும். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆகவே நூறு கிலோ யூரியா இந்தக் கணக்கில் 287 கிலோ புரதமாகத் தெரியும். அதில் புரதம் துளியும் கிடையாது.

ஒருமுறை கடலைப் புண்ணாக்கு லாரி ஒன்று தீவன ஆலை வாசலில் நின்றது. புரத அளவு கேட்டபடியே வந்துவிட்டது. "சார், புரோட்டீன் வந்திருச்சுல்ல, இறக்கச் சொல்லட்டுமா?" என்றார் மேற்பார்வையாளர். சாக்குகளில் குத்தி எடுத்த சாம்பிளைச் சலித்து, ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, இருபது மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிர் பழுப்பில் வலைப்பின்னல் போன்ற நார்த்துணுக்குகள் நிறையக் கிடந்தன. அவை கடலைத் தோடு. நடுநடுவே உப்பும் அல்லாத, மணலும் அல்லாத, பாதி ஒளி ஊடுருவும் வெள்ளை மணிகள். ஊசிமுனையால் சிலவற்றைப் பொறுக்கி, பச்சைச் சோயா மாவும் தண்ணீரும் சேர்த்து வெதுவெதுப்பில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அமோனியா நெடி எழுந்தது. யூரியாதான். லாரி திரும்பிப் போனது.

வளர்ந்த மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் சிறிதளவு யூரியாவைப் புரதமாக்கிக்கொள்ளும். அளவு மீறினால் அமோனியா ரத்தத்தில் ஏறி, வயிறு உப்பி, வலிப்பு வந்து, சில மணி நேரத்தில் மாடு செத்துப்போகும். இளங்கன்றுக்கோ அந்த நுண்ணுயிர்ப் பை இன்னும் வளர்ந்திருக்காது. தொட்டியில் கொட்டுவதைத் தின்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை.

இதன் பெரிய வடிவத்தை பிரிட்டன் பார்த்தது. அங்கே 1986இல் பைத்தியப் பசு நோய் கண்டறியப்பட்டது. செத்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து, புல் தின்னும் மாட்டின் தீவனத்தில் கலந்ததால் அது பரவியது. 1988இல் தடை வந்தது. 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் உறுதியானது. மனிதர்களும் இறந்தார்கள். பிறகு ஐரோப்பிய நாடுகளில் தீவனத்தில் விலக்கப்பட்ட எலும்புத்தூள் இருக்கிறதா என்று பார்க்க மைக்ரோஸ்கோப்பே அதிகாரபூர்வ வழியானது. கனமான திரவத்தில் தீவனத்தைப் போட்டால் எலும்புத் துணுக்குகள் அடியில் தங்கும். அவற்றின் நுண்குழிகளின் வடிவத்தை வைத்து மீன் எலும்பா, நிலவாழ் விலங்கின் எலும்பா என்று பிரிக்கலாம். மாட்டுக்கு மாட்டையே ஊட்டிய விவசாயிகளில் பலருக்கு மூட்டைக்குள் என்ன இருந்தது என்று தெரியாது. அவர்களைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது. இந்த இடத்தில் பௌத்தரின் கட்சியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் தெரிந்துகொள்ள வழியில்லாதவனும், வழியிருந்தும் பாராதவனும் ஒன்றல்ல. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, கவனமின்மையால் உயிருக்குச் செய்யும் கேடு என்கிறது. பகை அங்கே நிபந்தனையில்லை. அசட்டையே போதும். எங்கள் வீட்டில் பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடுவார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டுவார்கள். கண்ணில் படாத உயிர் சாகக்கூடாது என்பதே காரணம். பார்ப்பதைக் கடமையாக்கிய அறம் அது. துணியால் வடிகட்டிய காலத்தில் துணி எட்டிய தூரம்வரை கடமை இருந்தது. லென்ஸ் வந்த பிறகு அது லென்ஸ் எட்டும் தூரம்வரை நீண்டுவிட்டது. அறிய முடிவது பெருகப் பெருக, "தெரியாது" என்று சொல்லும் உரிமை சுருங்குகிறது.

இது முடிவில்லாத சுமை அல்லவா என்று கேட்கலாம். மைக்ரோஸ்கோப்பும் எல்லாவற்றையும் காட்டாது. பூஞ்சணம் சுரக்கும் அஃப்ளாடாக்சின் அதில் தெரியாது. அதற்கு வேறு சோதனை வேண்டும். எதையும் முழுதாக அறிந்த பிறகுதான் செய்வேன் என்றால் மாடு பட்டினி கிடக்கும். அதனால்தான் சமணம் துறவிக்கு மகாவிரதமும் இல்லறத்தானுக்கு அணுவிரதமும் வைத்தது. அவரவர் கைக்கும் கண்ணுக்கும் எட்டியதை அவரவர் செய்யவேண்டும். வீட்டில் ஒரே பசு வைத்திருக்கும் அம்மா மூட்டையைப் பிரித்து முகர்ந்து, கையில் அள்ளிப் பார்த்தால் அவர் கடமை முடிந்தது. ஆயிரம் மூட்டை கலக்கும் ஆலைக்கு அது போதாது. ஒரு கலவையைத் தின்னும் மாடுகள் எத்தனையோ, அந்த அளவுக்குக் கலப்பவரின் பொறுப்பும் கூடும்.

சரக்கு திரும்பிவரும்போது வியாபாரிகள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "தெரியாம கலந்துருச்சுங்க." நான் கோபப்படுவதில்லை, நம்பவும் மறுப்பதில்லை. ஏற்றுவதற்கு முன் யார் பார்த்தது, எதை வைத்துப் பார்த்தது என்று மட்டும் கேட்பேன். அதற்குப் பதில் உள்ளவருக்கு நடந்தது பிழை. பதில் இல்லாதவர், எண்ணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அந்த மாட்டுக்குக் கடன்பட்டவர்தான்.