நேர்த்திக்கடனும் கரிமக்கடனும்

வளர்ந்துவரும் நாடு ஒன்று தன் கரிம உமிழ்வைக் குறைப்பதாக உலகத்தின் முன் தரும் வாக்கு எந்த வகையைச் சேர்ந்தது? அது கொடையா, கடனா, பேரமா? மலேசியா 1992 முதல் தந்துவந்த வாக்குகளில் இந்த மூன்றின் சாயலும் உண்டு. பினாங்குத் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளில் தைப்பூசத்தன்று ஏறுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அவர்கள் செலுத்தப் போவதன் பெயரே நேர்த்திக்கடன். தமிழில் வாங்கியதும் கடன், செய்தே தீர வேண்டியதும் கடன்.

வேண்டுதல் இரண்டு விதம். பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்பது ஒன்று. இதில் முருகன் முதலில் தர வேண்டும், பக்தர் பிறகு தருவார். எதையும் கேட்காமல் ஆண்டுதோறும் காவடி தூக்குவது இன்னொன்று. மலேசியாவின் வாக்குகள் முதல் விதத்தில் தொடங்கி மெல்ல இரண்டாவதை நோக்கி நகர்ந்தன. 2009இல் கோப்பன்ஹேகன் மாநாட்டில் பிரதமர் நஜீப் ரசாக், உள்நாட்டு உற்பத்தியின் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் வெளியாகும் கரிமத்தை 2005ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2020க்குள் 40 விழுக்காடு வரை குறைப்போம் என்றார். பணக்கார நாடுகள் பணமும் தொழில்நுட்பமும் தந்தால் என்பது நிபந்தனை. 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்துக்காக அளித்த வாக்கு 2030க்குள் 45 விழுக்காடு. அதில் 35 நிபந்தனையற்றது, மீதி 10 உதவி வந்தால் மட்டும். 2021இல் அந்த 10க்கான நிபந்தனையும் நீக்கப்பட்டு, 45 முழுவதும் நாட்டின் சொந்தப் பொறுப்பாயிற்று. கேட்ட வரம் முழுதாகக் கைக்கு வராமலே காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டது போல.

நிபந்தனை கேட்டது பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னால் வலுவான அறவாதம் இருக்கிறது. அதைக் கூர்மையாக்கியவர்களில் பினாங்குக்காரர்களும் உண்டு. மூன்றாம் உலக வலையமைப்பு 1984இல் தொடங்கப்பட்டு ஜார்ஜ்டவுனிலிருந்து இயங்கிவருகிறது. அதை நெடுங்காலம் நடத்திய மார்ட்டின் கோர் வளிமண்டலத்தை எல்லோருக்கும் பொதுவான ஒரு சொத்தாகப் பார்த்தார். அந்தச் சொத்தில் தொழில்மயமான நாடுகள் இருநூறு ஆண்டுகளாகத் தம் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டன. ஆகவே மற்றவர்களுக்கு அவை கடன்பட்டவை. 1991இல் தில்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதற்கு முன்னோடியான ஒரு வேறுபாட்டைக் காட்டியிருந்தார்கள். நெல்வயலில் எழும் மீத்தேனையும் ஆடம்பரக் காரின் புகையையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது, ஒன்று பிழைப்பு, மற்றது சொகுசு என்றார்கள். 1992இல் ரியோவில் நாடுகள் கையெழுத்திட்ட ஐ.நா. காலநிலை உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை என்று ஒப்புக்கொண்டது.

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரு அதிகாரங்களாக வைத்திருப்பது இங்கே உதவும். ஈகை, இல்லாதவருக்கு இருப்பவர் மனம் இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு ஒத்து வாழ்கிறவன் ஊருக்குச் செய்ய வேண்டிய முறைமை. காலநிலை நிதியைப் பணக்கார நாடுகள் ஈகையாகவே பேசுகின்றன. மார்ட்டின் கோர் போன்றவர்கள் அதைத் திருப்பித் தர வேண்டிய கடன் என்றார்கள். ஒப்புரவு என்ற சொல் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. யார் யாருக்குப் பாக்கி என்ற கணக்கு தீருமுன்பே அது வேலையைத் தொடங்கச் சொல்கிறது.

மலேசியாவைப் பொறுத்தவரை கடன்வாதத்தில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு வெளியாகும் கரியமிலவாயு இந்தியாவில் சுமார் 2 டன், இலங்கையில் 1 டன்னுக்கும் குறைவு, மலேசியாவிலோ ஏறத்தாழ 8 டன். இது இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியை விட அதிகம். பழைய கணக்கில் ஐரோப்பா கடனாளி என்பது உண்மை. ஆனால் இந்த ஆண்டின் கணக்கில் ராமநாதபுரத்துக்காரரிடம் பினாங்குக்காரர் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பதும் உண்மையே. முதல் உண்மையை மட்டும் உரக்கச் சொல்வது எல்லா வளரும் நாடுகளுக்கும் பழகிப்போன வசதி.

அடுத்தது, வாக்கின் அளவுகோல். 45 விழுக்காடு குறைப்பு என்பது மொத்தப் புகைக்கு அல்ல, ஒரு ரிங்கிட் உற்பத்திக்கு. இதை ஒரு தோசைக்கடையில் வைத்துப் பார்க்கலாம். நாளுக்கு 100 தோசை சுடும் கடைக்காரர் நல்ல அடுப்பு வாங்கி, ஒரு தோசைக்கு ஆகும் எரிவாயுவில் 45 விழுக்காட்டை மிச்சப்படுத்துகிறார். வியாபாரமும் பெருகி 200 தோசை விற்கிறது. மாத முடிவில் சிலிண்டர் செலவு முன்னைவிட 10 விழுக்காடு கூடியிருக்கும். வாக்கு மீறப்படவில்லை, புகையும் குறையவில்லை. வளர்ச்சியை நிறுத்த முடியாத நாட்டுக்கு இது நியாயமான இடைப்படி. வளிமண்டலத்துக்கு மட்டும் தோசைக் கணக்கு தெரியாது, சிலிண்டர் கணக்குத்தான் தெரியும்.

மொத்த அளவைக் குறைக்க வேண்டுமா என்ற இதே வழக்கைத் தைப்பூசத் தேங்காய் விஷயத்தில் பினாங்கு ஏற்கெனவே வாதாடிக்கொண்டிருக்கிறது. பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்படும்போது, வழிநெடுகத் தேங்காய்கள் குன்றாகக் குவிந்திருக்கும். தமிழரோடு சீனரும் வரிசையில் நின்று ஓங்கி உடைப்பார்கள். இளநீர் கணுக்கால் நனைய ஓடும். ரதம் நகர்வதற்குள் ஓடுகளை வாரித் தள்ள ஆட்கள் மண்வெட்டியோடு காத்திருப்பார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எண்ணிக்கையைக் குறைக்கும்படி பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. உடைப்பவர் தரப்பிலும் நியாயம் உண்டு. வேண்டிக்கொண்ட எண்ணிக்கையைக் குறைத்தால் அது வேறு வேண்டுதலாகிவிடும். சிதறுகாயின் பொருள் அகந்தை உடைவது என்றால் ஒரு காய் போதும் என்று சங்கத்தோடு சேரத் தோன்றுகிறது. ஆனால் போதும் என்பதை யார் சொல்வது என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

நிகர சுழியம் இன்னும் சிக்கலானது. 2021இல் 12ஆவது மலேசியத் திட்டம், 2050ஐ ஒட்டி நிகர உமிழ்வைச் சுழியத்துக்குக் கொண்டுவரும் இலக்கை அறிவித்தது. வெளிவிட்டதையும் காடுகள் உறிஞ்சியதையும் கூட்டிக் கழித்தால் மீதி இருக்கக் கூடாது என்பது இதன் பொருள். 2019இல் நாடு சுமார் 330 மில்லியன் டன் வெளிவிட்டது, நிலமும் காடும் சுமார் 214 மில்லியன் டன்னை ஏற்றுக்கொண்டன என்பது அரசின் கணக்கு. நிலப்பரப்பில் பாதியையாவது காடாக வைத்திருப்போம் என்ற 1992ஆம் ஆண்டு வாக்கு இங்கே கைகொடுக்கிறது. செம்பனைத் தோட்டங்கள் அந்தக் காட்டை அரித்துக்கொண்டிருப்பதும் தெரிந்ததே.

சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்று ஒரு நிலை உண்டு. பெயரைக் கேட்டால், நல்வினையையும் தீவினையையும் ஒன்றுக்கொன்று நேர்செய்து பூஜ்யம் காண்பது போலத் தோன்றும். அதை உரையாசிரியர்கள் பலர் அப்படிக் கொள்வதில்லை. இரண்டின் பயனும் தனித்தனியே நுகரப்பட வேண்டியவை. ஒப்பு என்பது இரண்டையும் ஒன்றுபோல் பார்க்கும் மனநிலை. இந்தப் பார்வையில் மலைக்காட்டின் புண்ணியத்தில் மஞ்சோங் நிலக்கரி ஆலையின் பாவத்தைக் கழிக்க இயலாது. வேதியியல் வேறுவிதமாகச் சொல்கிறது: எந்த மரம் உறிஞ்சினாலும் ஒரு மூலக்கூறு ஒரு மூலக்கூறுதான். ஆனாலும் சித்தாந்தம் தொடும் நெருடல் நிஜமானது. எரித்த நிலக்கரி மீண்டும் நிலக்கரியாவதில்லை, காடோ ஒரு வறட்சியில் எரியக்கூடியது. தண்ணீர்மலைக்குப் பின்னால் உள்ள காடு பிழைத்ததும் கரிமத்துக்காக அல்ல. அந்த மலையின் அருவிதான் 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ்டவுனுக்குக் குடிநீர் தந்தது. 2021இல் பினாங்கு மலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமான பிறகு அதே மரங்களுக்கு இன்னொரு மதிப்பும் சேர்ந்தது. ஒரு காட்டை எத்தனை முறை புண்ணியமாக எண்ணலாம் என்பது கரிமச் சந்தையில் தீராத தகராறு.

வாக்குகள் ஒன்றையொன்று முட்டுவதும் உண்டு. புதிய நிலக்கரி ஆலை கட்டப்படாது என்று 2021இல் அரசு சொன்னது. முன்பே கட்டிய ஆலைகளிடம் 25 ஆண்டுகள் மின்சாரம் வாங்குவதாகவும் ஒப்பந்தம் இருக்கிறது. முதலீட்டாளருக்குத் தந்த சொல்லும் சொல்தான். 2050க்குள் மின்னாக்கத் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக்கும் 2023ஆம் ஆண்டுத் திட்டம், இந்த ஒப்பந்தங்கள் முடிவதைப் பொறுத்தே நகர முடியும்.

கடைசியில், நாடு வேண்டிக்கொண்டதை வீட்டில் யார் செலுத்துவது? 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டானது. பெரிய வண்டி வைத்திருப்பவரே மானியத்தில் அதிகம் அள்ளினார் என்பதால் அதை நீக்கியது நியாயம். தகுதியுள்ள சிறு விவசாயிகளுக்கும் தனியார் வண்டிக்காரர்களுக்கும் மாதம் 200 ரிங்கிட் ரொக்கம் தந்ததும் நியாயம். அதே ஆண்டு அக்டோபரில், இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026இலிருந்து கரிம வரி வரும் என்று பட்ஜெட்டில் அறிவித்தார்கள். வரியைக் கட்டுவது ஆலை. கம்பியின் விலையில் அது ஏறினால் கொடுப்பவர் வீடு கட்டுகிறவர். வசூலாகும் பணம் அரசின் பொதுக் கணக்கில் கரையுமா, அந்தக் கம்பியை வாங்குகிறவர் கைக்கு ஏதாவது ஒரு வழியில் திரும்புமா என்பதில்தான் அந்த வரி ஒப்புரவாவதும் வெறும் தண்டமாவதும் இருக்கிறது.